திரும்பச் சொன்னால் ஏன் மனதில் ஏறுகிறது?

மட்டக்களப்பில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூத்தர் ஒரு அடியைப் படித்து ஆடுவார், பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் படிப்பார்கள், விடிந்து வீட்டுக்கு நடக்கும்போது முதல்தரம் கூத்துப் பார்த்த பிள்ளையின் வாயிலும் அந்த அடி இருக்கும். தேர்தல் நோட்டீஸ் எழுதுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு வசனத்தை இரண்டாம் தரம் கேட்கும்போது அதை விளங்கிக்கொள்ள மூளைக்கு அவ்வளவு பாடு இல்லை. அந்த லேசையே மூளை உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 1977இல் அமெரிக்காவில் மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று தரம், தரத்துக்கு 60 கூற்றுகளைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். மூன்று தரமும் திரும்ப வந்த கூற்றுகளின் மேல், அவை உண்மையோ பொய்யோ, நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. 2015இல் வந்த ஆய்வுதான் என்னை உலுப்பியது: சரியான விடை தெரிந்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள்.

ஆனால் நல்ல அரசியல் எழுத்து சும்மா திரும்பச் சொல்லாது. ஒரு சொல் அப்படியே நிற்க, பக்கத்தில் இருப்பது மாறும். இப்படி எழுதிப் பாருங்கள்: "வாவி எங்களுடையது. வாவியில் வீசும் வலை எங்களுடையது. வலையில் விழும் மீனின் விலை மட்டும் எங்களுடையது இல்லை." முதல் இரண்டு வசனங்களில் காது பழகிவிடுகிறது, மூன்றாவதும் அப்படியே வரும் என்று காத்திருக்கிறது, அது முறியும் இடத்தில்தான் சொல்ல வந்தது போய்த் தைக்கிறது. திரும்ப வரும் சொல்லுக்கு நம் அணியிலக்கணம் எப்போதோ பின்வருநிலையணி என்று பெயர் வைத்துவிட்டது. 1963 ஆகஸ்ட் 28இல் மார்ட்டின் லூதர் கிங் 'எனக்கொரு கனவு உண்டு' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோதும், ஒரு தரம் ஜோர்ஜியா, ஒரு தரம் மிசிசிப்பி, ஒரு தரம் தன் பிள்ளைகள் என்று கனவின் உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருந்தது. எழுதிக் கொண்டுவந்த உரையில் அந்தப் பகுதியே இல்லை!

அளவு மிஞ்சினால் திகட்டும். 1979இல் ஒரே வாதத்தை ஒரு தரம், மூன்று தரம், ஐந்து தரம் கேட்க வைத்துப் பார்த்தார்கள், முதலில் ஏறிய உடன்பாடு பிறகு இறங்கியது. ஒரே வசனத்தை நாள் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓடவிடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தால், திரும்ப வரும் சொற்களை எல்லாம் பேனையால் வெட்டிவிட்டு மிச்சத்தை வாசிப்பது என் பழக்கம். போன தேர்தலில் கல்முனைச் சந்தையில் தந்த ஒன்றை அப்படி வெட்டினேன். 'நாங்கள்', 'உரிமை', 'மண்' எல்லாம் போனபின், யார் எதை எப்போது செய்வார்கள் என்று சொல்லும் வசனம் ஒன்றுகூட அதில் இருக்கவில்லை.