ஓய்வுக்கும் தலைமைப் பொறுப்புக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள்: சில்வியா நைட்டின் பாதை

விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற கால்பந்து வீராங்கனைகள் பயிற்சியாளர் உரிம வகுப்புகளுக்கு வரும்போது, எந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆகலாம் என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. உதவிப் பயிற்சியாளர் பணி என்றாலோ, சிறுமியர் அணி என்றாலோ அவர்களின் முகம் வாடிவிடுகிறது. இதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணிகளுக்கு நாம் கொடுக்கும் ஊதியமும் மதிப்பும் அவ்வளவுதான். ஆயினும், இந்த வகுப்புகளில் பாடம் எடுக்கும் நான், ஜெர்மனியின் சில்வியா நைட் நடந்து வந்த பாதையை ஒவ்வொரு முறையும் விரிவாக எடுத்துச் சொல்கிறேன்.

பெண்கள் கால்பந்து ஆடுவதற்கு மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955இல் விதித்த தடை 1970 வரை நீடித்தது. தடை நீங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1982 நவம்பர் 10 அன்று கோப்லென்ஸ் நகரில் அந்நாட்டு மகளிர் அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை 5-1 என வென்றபோது, மாற்று வீராங்கனையாக இறங்கி இரண்டு கோல்கள் அடித்த பதினெட்டு வயதுப் பெண்தான் நைட். 1996இல் ஓய்வு பெறும்போது அவர் 111 ஆட்டங்களில் 48 கோல்கள் அடித்திருந்தார். மூன்று ஐரோப்பியப் பட்டங்களை வென்றிருந்தார். அவற்றுள் முதல் பட்டத்துக்கு, 1989இல், சங்கம் வீராங்கனைகளுக்கு அளித்த பரிசு ஒரு காபிக் கோப்பைத் தொகுப்பு.

இத்தனை புகழுடன் ஓய்வு பெற்ற அவர் தலைமைப் பதவிக்குச் செல்லவில்லை. தேசிய அணியின் புதிய பயிற்சியாளரான டீனா டொய்னேவுக்கு உதவியாளராகச் சேர்ந்து, 2005 வரை அந்த இடத்திலேயே இருந்தார். அதே காலத்தில் இளையோர் அணிகளையும் பயிற்றுவித்தார். 2004இல் தாய்லாந்தில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியை வென்ற அவருடைய அணியில் சிமோன் லாவ்டெர், மெலனி பெரிங்கர், ஆன்யா மிட்டாக், அனிகே கிரான் ஆகியோர் இருந்தனர். ஒரு வீராங்கனை பதின்வயதில் எதற்கு அஞ்சினாள், தோல்விக்குப் பின் எப்படி மீண்டாள் என்பதை அருகிலிருந்து பார்த்தவருக்கு, பிற்காலத்தில் அவளை எந்த ஆட்டத்தில் நம்பி இறக்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். இளையோர் அணிப் பணியின் மிகப்பெரிய பயன் இதுவே என்று கருதுகிறேன்.

2005இல் நைட் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அவருடைய தலைமையில், 2007இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையை ஜெர்மனி ஒரு கோலும் வாங்காமல் வென்றது. பிரேசிலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மார்த்தாவின் பெனால்டியை நடீன் ஆங்கரர் தடுத்தார். இரண்டாவது கோலை அடித்தவர் லாவ்டெர்.

ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது 2011ஆம் ஆண்டின் தோல்வியைப் பற்றிப் பேசத்தான். சொந்த மண்ணில் உலகக் கோப்பை; பெர்லினில் முதல் ஆட்டத்தைக் காண 73,680 பேர் வந்திருந்தனர். அணித்தலைவி பிர்கிட் பிரின்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களிலும் சோபிக்காததால், மூன்றாவது ஆட்டத்தில் அவரை நைட் வெளியே அமர்த்தினார். 1995 உலகக் கோப்பையில் தன்னோடு சேர்ந்து ஆடியவரிடம், நாடே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், உனக்கு இன்று இடமில்லை என்று சொல்ல நேர்வதை எந்த உரிமப் பாடத்திட்டமும் முழுமையாகக் கற்றுத்தராது. கால் இறுதியில் கூடுதல் நேரத்தில் ஜப்பானிடம் 0-1 என அணி தோற்றது. அதனால் லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பும் போயிற்று. கடும் விமர்சனம் எழுந்தபோதும் சங்கம் அவரை மாற்றவில்லை. 2013இல் பலர் காயத்தால் விலகியிருந்த இளம் அணியுடன் அவர் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 2016இல், பெரிங்கரும் மிட்டாக்கும் கிரானும் இடம்பெற்ற அணி, மரக்கானா அரங்கில் சுவீடனை 2-1 என வென்று ஜெர்மனிக்கு மகளிர் கால்பந்தின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டு வந்தது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்டெஃபி ஜோன்ஸும் நாட்டுக்காக 111 ஆட்டங்கள் ஆடியவர்; 2003இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர்; 2011 உலகக் கோப்பையின் ஏற்பாட்டுக் குழுவைத் தலைமையேற்று நடத்திய திறமைசாலி. தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றிய அனுபவம் மட்டும் அவருக்கு அதுவரை இல்லை. 1995 முதல் தொடர்ந்து ஆறு முறை ஐரோப்பியப் பட்டம் வென்றிருந்த அணி 2017இல் கால் இறுதியில் டென்மார்க்கிடம் தோற்றது. 2018 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார். மூத்தவர்கள் பலர் விடைபெற்ற காலத்தில் அணியை ஏற்றவர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்னுடைய குறை, அவரை அத்தனை பெரிய பொறுப்பில் அமர்த்துவதற்கு முன் சிறிய பொறுப்புகளில் வளர்த்தெடுக்கத் தவறிய ஏற்பாட்டின் மீதுதான்.

இங்கும் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடிய பெண்கள் இப்போது பயிற்சித் துறைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை அழைக்கும் கல்லூரிகளும் கழகங்களும் சங்கங்களும் உதவிப் பயிற்சியாளர் பதவிக்கு முழு ஊதியமும் பல ஆண்டு ஒப்பந்தமும் கொடுக்க வேண்டும். அதோடு ஒரு சிறுமியர் அணியை முழுமையாக அவர்கள் கையில் ஒப்படைத்து, ஒரே ஒரு பருவத் தோல்விக்காக அதைப் பறிக்காமலும் இருக்க வேண்டும். அப்பணிகளுக்கு அழைப்பு வந்தால், அதைப் பதவிக்குறைவாக எண்ணாமல் ஏற்றுக்கொள்ளுமாறு வீராங்கனைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.