பத்துப் பரிந்துரை வாங்கியும் தோற்பது எப்படி? டோனி விருதுக் கணிப்பின் கணக்கு

2004 ஜூன் 6, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது விழா. சிறந்த இசை நாடகப் பிரிவில் ‘விக்கெட்’ 10 பரிந்துரைகளோடு நின்றது. எதிரே ‘அவென்யூ க்யூ’: நடிகர்கள் கையில் பொம்மைகளை மாட்டிக்கொண்டு பாடும், பெரியவர்களுக்கான நையாண்டி நாடகம். அதற்கு 6 பரிந்துரைகள். பெரும்பாலோர் ‘விக்கெட்’ பக்கம்தான் கை காட்டினார்கள். கடைசியில் கதை வசனம், பாடல் இசை, சிறந்த இசை நாடகம் என்று முக்கியமான மூன்றையும் பொம்மைகள் அள்ளிக்கொண்டு போயின.

‘விக்கெட்’ இன்றுவரை பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அவென்யூ க்யூ’ 2009இல் அங்கிருந்து இறங்கிவிட்டது. ஆகவே, எது நல்ல நாடகம், எது வசூலை அள்ளும் என்று கேட்பவர்கள் இந்தக் கணிப்பில் ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடுகிறார்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட கூட்டம், ஒரு குறிப்பிட்ட விதிப்படி, எப்படி ஓட்டுப் போடும்?

அந்தக் கூட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். நியூயார்க்கில் பிராட்வே தியேட்டர் என்று கணக்கில் வருபவை 41. 500 இருக்கைகளுக்குக் குறைந்தால் அந்த அந்தஸ்து இல்லை. ஒரு சீசனில் அங்கே அரங்கேறும் நாடகங்களைச் சில டஜன் பேர் கொண்ட குழு பார்த்துப் பரிந்துரைப் பட்டியல் போடுகிறது. அதன் பிறகு 800க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். தயாரிப்பாளர்கள், தியேட்டர் உரிமையாளர்கள், நடிகர் சங்கத்தினர், இயக்குநர்கள், நடன அமைப்பாளர்கள், அரங்க வடிவமைப்பாளர்கள், நாடகாசிரியர்கள், சில விமர்சகர்கள் எல்லாம் இதில் உண்டு. வெளியூர்களில் தியேட்டர் நடத்துபவர்களும் உண்டு. பிராட்வேயில் ஜெயித்த நாடகம் அடுத்த வருஷம் டூர் கிளம்பித் தங்கள் ஊருக்கு வந்தால் டிக்கெட் விற்குமா என்பது அவர்களுடைய பிழைப்புக் கவலை. 2004இல் விருதை வாங்கிய கையோடு ‘அவென்யூ க்யூ’ தயாரிப்பாளர்கள், டூருக்குப் பதிலாக லாஸ் வேகாஸில் நடத்தப்போகிறோம் என்று அறிவித்தபோது இந்த வெளியூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். எல்லோரும் கலையை மட்டும் எடை போட்டு ஓட்டுப் போடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எண்ணும் முறையும் முக்கியம். ஒரு பிரிவுக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியது ஜெயிக்கும். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றில்லை. 800 பேர் ஓட்டுப் போட, ஐந்து நாடகங்கள் போட்டியில் இருந்தால், கணக்குப்படி 161 ஓட்டு வாங்கியதுகூட ஜெயிக்க வழி இருக்கிறது. ஐந்தில் ஒருவர் தீவிரமாக நேசித்தால் போதும். மற்ற நால்வருக்குப் பிடிக்காமலே இருக்கலாம். எல்லோருக்கும் ‘பரவாயில்லை’ என்று தோன்றும் நாடகத்துக்கு இந்த முறை பெரிதாகக் கை கொடுக்காது. யாருக்கு எத்தனை ஓட்டு என்பதை வெளியிடுவதும் இல்லை. நூலிழையில் ஜெயித்ததா, வாரிச் சுருட்டியதா என்று தெரியாமலேயே கணிப்பாளர் பாடம் படித்தாக வேண்டும்.

படிக்கப் பாடமும் அதிகம் இல்லை. சிறந்த இசை நாடகம் என்ற விருது 1949இல்தான் தொடங்கியது. முக்கால் நூற்றாண்டுக்கு, வருஷத்துக்கு ஒன்று என்று எண்பதுக்குள்தான் தரவுகள் (1960இல் ஓட்டு சமமாகி இரண்டு நாடகங்கள் பகிர்ந்துகொண்டன). அதிலும் அறுபதுகளின் வாக்காளர்கள் வேறு, இன்றைய வாக்காளர்கள் வேறு. இவ்வளவு குறைந்த தரவை வைத்துக்கொண்டு இருபது காரணிகளைக் கணினிக்குள் போட்டால், அது இல்லாத விதியையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஓர் உதாரணம். 2001 முதல் 2023 வரை இந்தப் பிரிவில் ‘ஹ’ வரிசையில் பெயர் தொடங்கிய நாடகங்கள் மூன்றே: ‘ஹேர்ஸ்ப்ரே’, ‘ஹாமில்டன்’, ‘ஹேடிஸ்டவுன்’. மூன்றும் ஜெயித்தன. நூற்றுக்கு நூறு! 2024இல் ‘ஹெல்ஸ் கிச்சன்’ 13 பரிந்துரைகளோடு வந்து தோற்றது, ‘ஹ’ விதியும் செத்தது. பெயரின் முதல் எழுத்து என்பதால் நாம் சிரிக்கிறோம். அதே விதி ‘மார்ச் மாதத்தில் திறந்த நாடகம்’ என்று வேஷம் போட்டு வந்தால் தலையாட்டி ஏற்றுக்கொள்வோம். புள்ளியியலில் இதற்கு மிகைப்பொருத்தம் என்று பெயர்.

சரி, எல்லோரும் முதலில் பார்க்கும் பரிந்துரை எண்ணிக்கைக்கு வருவோம். 2001 முதல் 2025 வரை 24 விழாக்கள் (கொரோனாவால் ஒன்று தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்தது). புதிய இசை நாடகங்களில் அதிகப் பரிந்துரை பெற்றதே விருதையும் பெற்றது 16 முறை. மூன்றில் இரண்டு பங்கு, மோசமில்லை. ஆனால் இந்தப் பதினாறைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. 2016 வரையிலான 16 விழாக்களில் 13. அதற்குப் பிந்தைய 8இல் வெறும் 3, அதிலும் 2025இல் மூன்று நாடகங்கள் தலா 10 பரிந்துரைகளோடு சமமாக நின்றன.

அப்படியானால் வாக்காளர்கள் மாறிவிட்டார்களா? அவசரப்பட வேண்டாம். பிந்தைய ஐந்து தோல்விகளில் மூன்று, ஒரே ஒரு பரிந்துரை வித்தியாசத்தில் நடந்தவை. 2018இல் 12க்கு எதிராக 11 வைத்திருந்த ‘தி பேண்ட்ஸ் விசிட்’ ஜெயித்தது. 2021இல் 15க்கு எதிராக 14. 2024இல் 13க்கு எதிராக 12. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்பதில் என்ன செய்தி இருக்கிறது? ஒரே நாடகத்தின் இரண்டு நடிகைகள் ஒரே பிரிவில் இடம்பிடித்தால் எண்ணிக்கை ஒன்று ஏறிவிடும். பிரம்மாண்ட அரங்கமும் பளபளக்கும் உடையும் இருந்தால் இன்னும் இரண்டு. பெரிய நாடகத்துக்குப் பரிந்துரை விழ வாசல்கள் அதிகம், அவ்வளவுதான். 2023இல் ‘கிம்பர்லி அகிம்போ’ 8 பரிந்துரைகளோடு, 13 வைத்திருந்த ‘சம் லைக் இட் ஹாட்’டைத் தோற்கடித்தது. மேடையில் ஒன்பதே பேர் நடிக்கும் சின்ன நாடகம் அது. எட்டு என்பதே அதற்கு ஏறக்குறைய நிறைகுடம்.

இந்தக் கண்ணோடு 2004க்குத் திரும்பிப் போய் ‘விக்கெட்’டின் பத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். இசை நாடகம், கதை வசனம், பாடல் இசை, நாயகிகள் இருவர், அரங்கம், உடை, ஒளி, நடனம், இசைக்குழு அமைப்பு. பத்து ஆயிற்று. இயக்குநர் எங்கே? இல்லை. அதன் இயக்குநர் ஜோ மாண்டெல்லோ அந்த வருஷம் பட்டியலில் இருந்தார், விருதையும் வாங்கினார். ஆனால் அவர் இயக்கிய வேறொரு நாடகத்துக்காக. ‘அவென்யூ க்யூ’வின் ஆறில் இயக்குநர் பரிந்துரை இருந்தது.

இது தற்செயலா? அந்த 24 விழாக்களிலும் சிறந்த இசை நாடகமாகத் தேர்வானவற்றில் இயக்குநர் பரிந்துரை இல்லாமல் ஜெயித்தது ஒன்றுகூட இல்லை. ஆனால் தோற்றவற்றிலும் பலவற்றுக்கு அது இருந்தது. ஆகவே யார் ஜெயிப்பார் என்று இது சொல்லாது, யாரைக் கழிக்கலாம் என்று சொல்லும். கணிப்பில் கழித்தல் பெரிய வேலை. ஐந்து பேர் போட்டியில் ஆளுக்கு 20 சதவீதம் என்று தொடங்கினால், இரண்டைக் கழித்த மாத்திரத்தில் மற்றவை 33க்கு ஏறிவிடுகின்றன.

இயக்குநர் விருதையே எடுத்துக்கொண்டால் இன்னொரு சுவாரசியம். 24இல் 15 முறை இயக்குநர் விருதும் சிறந்த இசை நாடக விருதும் ஒரே நாடகத்துக்குப் போயிருக்கின்றன. சுமாரான தொடர்பு என்று ஒதுக்கத் தோன்றும். பொருந்தாத ஒன்பதையும் திறந்து பார்த்தால், ஏழில் இயக்குநர் விருது பழைய நாடகத்தின் மறுதயாரிப்புக்குப் போயிருக்கிறது. மறுதயாரிப்புகளுக்குத் தனி விருது இருப்பதால் அவை இந்தப் போட்டியிலேயே இல்லை. அந்த ஏழும் நமக்கு எதையும் சொல்லாத வருஷங்கள். அவற்றை நீக்கினால் 17க்கு 15. அதே எண்கள்தான், விருது விதியைப் படித்துவிட்டு எண்ணினால் 63 சதவீதம் 88 ஆகிறது. இயக்குநர் விருது கிடைத்ததால் நாடகம் ஜெயிக்கவில்லை; ஒரே கூட்டத்தின் ஒரே பிரியம் இரண்டு இடத்தில் தெரிகிறது. இதனால்தான் விவரமான கணிப்பாளர்கள் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனிச் சூதாகக் கருதுவதில்லை. ஒரு நாடகத்தின் மீதான பொது அன்பை ஒரு மறைந்த அளவாக வைத்து, எல்லாப் பிரிவுகளும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி கணினியில் ஆயிரக்கணக்கான முறை விழாவை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

டோனிக்கு முன்பே வரும் மற்ற விருதுகளில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். டிராமா டெஸ்க் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அது ‘ஷஃபிள் அலாங்’ நாடகத்துக்குப் போனது, டோனி ‘ஹாமில்ட’னுக்கு. 2023இல் டிராமா டெஸ்க் ‘சம் லைக் இட் ஹாட்’டுக்கு, டோனி ‘கிம்பர்லி அகிம்போ’வுக்கு. இந்த விருதை நம்பிப் பயனில்லை என்று கணினி எழுதிக்கொள்ளும். உண்மை என்ன? டிராமா டெஸ்க், பிராட்வேயோடு சின்ன ஆஃப்-பிராட்வே அரங்குகளையும் சேர்த்தே பார்க்கிறது. ‘ஹாமில்டன்’ 2015இலேயே ஆஃப்-பிராட்வேயில் ஓடி அந்த விருதை வாங்கிவிட்டது. ‘கிம்பர்லி அகிம்போ’ 2022இல். ஒருமுறை பரிசீலித்த நாடகம் அடுத்த வருஷப் போட்டியில் இருக்காது. ஓட்டப்பந்தயத்தில் ஓடாதவனைத் தோற்றவன் என்று குறித்துக்கொள்வது போன்ற தப்பு இது.

இதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? புதுச் செய்தி வந்ததும் பழைய வாய்ப்பைத் திருத்திக்கொள்ளும் கணக்கான பேய்ஸ் தேற்றம் இங்கே உதவும். ஒரு பேச்சுக்கு, ஒரு நாடகம் ஜெயிக்க 40 சதவீத வாய்ப்பு என்று நினைக்கிறோம். டோனி ஜெயிக்கப்போகும் நாடகம் முன்விருதையும் வாங்க 60 சதவீதம், தோற்கப்போகும் நாடகம் வாங்க 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்விருது அதற்கே கிடைத்துவிட்டது. 0.40-ஐ 0.60-ஆல் பெருக்கினால் 0.24, 0.60-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 0.09. மொத்தம் 0.33. அதில் 0.24 என்பது 73 சதவீதம். நாற்பது எழுபத்துமூன்றாக ஏறியது. ஆனால் அந்த நாடகம் முன்விருதுப் போட்டியிலேயே இல்லை என்றால் நாற்பதில் கை வைக்கக் கூடாது. செய்தி வரவில்லை என்பது கெட்ட செய்தி ஆகாது.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. ‘தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்’ 2010 அக்டோபர் 31இல் தொடங்கி டிசம்பர் 12இல் மூடப்பட்டது. அடுத்த ஜூனில் அதற்கு 12 பரிந்துரைகள், விருது பூஜ்யம். பரிந்துரைக் குழு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்; 800 பேரில் எத்தனை பேர் அந்த ஆறு வாரத்துக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? அந்த வருஷம் எதிரே ‘தி புக் ஆஃப் மார்மன்’ என்ற யானை நின்றதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று ஒரே உதாரணத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டேன் என்று சொல்பவரின் கணிப்பை நான் வாங்கமாட்டேன்.

‘நூறு சதவீதம் உறுதி’ என்பவர்களையும்தான். தள்ளிப்போன அந்த 2021 விழாவில் சிறந்த நாயகன் பிரிவில் போட்டியிட்டது ஆரோன் ட்வெய்ட் ஒருவரே. அவருக்கும் 60 சதவீத ஓட்டு விழுந்தால்தான் விருது என்று விதி இருந்தது. வாங்கிவிட்டார், ஆனாலும் அது 99தான், 100 இல்லை.

கணிப்பாளரை மதிப்பிடுவதும் இந்தச் சதவீதத்தை வைத்துத்தான். பிரையர் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் 70 சதவீதம் சொன்ன நாடகம் ஜெயித்தால் தவறு 0.3, அதன் வர்க்கம் 0.09 உங்கள் அபராதம். தோற்றால் 0.7-இன் வர்க்கம் 0.49. 95 என்று அடித்துவிட்டுத் தோற்றால் 0.90. குறைவாக வாங்குபவரே கெட்டிக்காரர். ஒரு வருஷத்தில் ஒரு பிரிவை வைத்து யாரையும் எடை போட முடியாது. 26 பிரிவுகளையும் பல வருஷங்களுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

2025இல் இந்த முறை எப்படி ஓடியிருக்கும்? ‘மேபி ஹேப்பி எண்டிங்’, ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’, ‘டெத் பிகம்ஸ் ஹெர்’ மூன்றுக்கும் தலா 10. எண்ணிக்கை வாயே திறக்கவில்லை. ‘புவேனா விஸ்டா’ முந்தைய சீசனிலேயே ஆஃப்-பிராட்வேயில் ஓடிவிட்டதால் டிராமா டெஸ்கில் அது இல்லாததைக் குறையாகக் கொள்ளக் கூடாது. ‘டெட் அவுட்லா’ முந்தைய வருஷ டிராமா டெஸ்க்கை ஆஃப்-பிராட்வேயில் வாங்கிக்கொண்டு வந்தது, ‘ஹாமில்டன்’ வந்த அதே பாதை. ‘மேபி ஹேப்பி எண்டிங்’ 2016இல் சியோலில் முதலில் மேடையேறிய நாடகம், நியூயார்க்குக்குப் புதிது, எல்லா முன்விருதுகளிலும் அதே சீசனில் நேருக்கு நேர் நின்று டிராமா டெஸ்க்கை வாங்கியது. பாதையா, இந்த வருஷச் சாட்சியா? ‘டெட் அவுட்லா’ 7 பரிந்துரைகளில் ஒன்றையும் ஜெயிக்கவில்லை. இயக்குநர் விருது ‘மேபி ஹேப்பி எண்டிங்’கின் மைக்கேல் ஆர்டனுக்கு அறிவிக்கப்பட்ட நிமிடத்தில், சிறந்த இசை நாடகத்தின் உறை இன்னும் திறக்கப்படவில்லை. இயக்குநர் விருதும் சிறந்த இசை நாடக விருதும் ஒன்றாகப் போன கணக்கு அதுவரை 16க்கு 14. சற்று நேரத்தில் அது 17க்கு 15 ஆனது.