காதை நம்பாதே: மார்ச்சிங் பேண்டின் ஒலிக் கணக்கு

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட், அதாவது மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டுகளின் போட்டிக் காலம் தொடங்கிவிடும். வெள்ளி இரவு சொந்தப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்ட இடைவேளையில் வாசிப்பார்கள். மறுநாள் காலை பேருந்தேறி வேறொரு ஊர் மைதானத்துக்குப் போய், அதே நிகழ்ச்சியை நடுவர்கள் முன்னால் வாசிப்பார்கள். நவம்பர் வரை இப்படித்தான். டெக்சாஸ் மாணவர்களுக்கு சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் நடக்கும் மாநிலப் போட்டி பெரிய கனவு. நாடு முழுவதற்குமான பெரிய மேடை, இண்டியானாபொலிஸின் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும் பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா இறுதிப் போட்டி.

பருவத்தின் முதல் போட்டியில் ஒரு பேண்ட் வாசித்ததன் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஸ்னேர் டிரம்மும், மைதானத்தின் முன்னால் நிற்கும் மரிம்பா என்ற சட்டங்களைத் தட்டி வாசிக்கும் கருவியும் சேர்ந்து ‘டக்’ என்று விழவேண்டிய இடத்தில் ‘டரக்’ என்று விழும். இடது ஓரத்து டிரம்பெட்டும் வலது ஓரத்து டிரம்பெட்டும் ஒன்றையொன்று துரத்துவதுபோல் இருக்கும். கோடை விடுமுறையிலேயே வந்து வெயிலில் வாரக்கணக்கில் பயிற்சி எடுத்த பிள்ளைகள் இவர்கள். தாளம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தூரத்தில் நிற்பவர்களின் சத்தத்தைக் கவனமாகக் கேட்டு வாசித்ததால்தான் பாட்டு பிசகியிருக்கும்.

காரணம், ஒலி மெதுவாகப் போகிறது. மின்னலைப் பார்த்து எண்ணத் தொடங்கினால் இடி வருவதற்குள் சில எண்கள் ஓடிவிடும், இல்லையா? அதே தாமதம் ஒரு ஃபுட்பால் மைதானத்துக்குள்ளும் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மைதானத்தின் குறுக்கு அகலம் 160 அடி, அதாவது ஏறக்குறைய 49 மீட்டர். பின்கோட்டில் நிற்பவர் அடித்த அடி, பார்வையாளர் பக்கமுள்ள முன்கோட்டுக்கு வந்துசேர 142 மில்லிவினாடி ஆகிறது. அன்றாட வாழ்க்கையில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் போட்டி நிகழ்ச்சிகளில் நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 333 மில்லிவினாடிதான். ஆக, பின்னாலிருந்து வரும் ஒலி கிட்டத்தட்ட அரைத் தட்டு பிந்தி வருகிறது. டிரம் அடி போன்ற கூர்மையான ஒலிகளில் 30 மில்லிவினாடி பிளவே நம் காதுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த 30 மில்லிவினாடியில் ஒலி கடப்பது பத்து மீட்டர். இருவர் பத்து மீட்டர் தள்ளி நின்றாலே சிக்கல் தொடங்கிவிடுகிறது என்று பொருள்.

சுதந்திர தின அணிவகுப்பில் நாம் பார்க்கும் காவல்துறை பேண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அவர்கள் நெருக்கமான வரிசையில் நடக்கிறார்கள். அமெரிக்காவிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1907-ல் பர்டூ பல்கலைக்கழக பேண்ட், அணிவகுப்பு வரிசையைக் கலைத்துவிட்டு மைதானத்தின் நடுவே ‘பி’ என்ற எழுத்தாக நின்று காட்டியது. அதன்பிறகு பேண்டுகள் பரவிக்கொண்டே போயின. இன்று ஒரு பெரிய பள்ளியின் பேண்டில் 200 பேருக்கு மேல்கூட இருப்பார்கள். அவர்கள் மைதானம் முழுக்க விரிந்து, வளைந்து, ஒருவரை ஒருவர் ஊடறுத்துப் போகிறார்கள். கண்ணுக்கு விருந்து வைக்க வைக்க, காதுக்கான கணக்கு கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது.

மைதானத்தின் இடது பக்கம் 20 கெஜக் கோட்டில் ஒரு மாணவி, வலது பக்கம் 20 கெஜக் கோட்டில் இன்னொரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். இடையே 60 கெஜம், ஏறக்குறைய 55 மீட்டர். ஒருத்தி வாசிப்பது மற்றவளுக்கு 160 மில்லிவினாடி கழித்துத்தான் கேட்கும். நடுவர்கள் இருப்பதோ மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, மேலே ஒரு பெட்டியில். இரு பெண்களும் அவர்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். எனவே இருவரும் ஒரே கணத்தில் வாசித்தால் நடுவருக்கு ஒரே கணத்தில் கேட்கும், ஆனால் அந்த இருவர் காதிலும் மற்றவள் பிந்துவதாகவே விழும். அந்தச் சத்தத்தை நம்பி ஒருத்தி கொஞ்சம் காத்திருந்தால் போதும், நடுவர் பெட்டியில் பாட்டு பிளந்துவிடும். இருவருமே ஒருவருக்கொருவர் காத்திருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு தட்டிலும் காத்திருப்பு சேர்ந்துகொண்டே போய், மொத்த பேண்டும் வேகம் குறைந்து இழுபடும்.

காது ஏமாற்றுகிறது என்றால் கண்ணை நம்பலாம். முன்கோட்டில் ஒரு மேடைமேல் நின்று கையசைக்கும் மாணவத் தலைவரை டிரம் மேஜர் என்பார்கள். ஒளிக்கு இந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர் கை கீழே விழும் கணத்தை மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். அப்படியானால் எல்லோரும் கையைப் பார்த்து வாசித்தால் சரியாகிவிடுமா? இடம் வலமாகப் பரவியிருப்பவர்களுக்குச் சரியாகிவிடும். முன்பின்னாக நிற்பவர்களுக்கு ஆகாது. பின்கோட்டுக்காரரும் முன்கோட்டுக்காரரும் ஒரே கணத்தில் வாசித்தால், முன்னவரின் ஒலி பார்வையாளரை முதலில் எட்டிவிடும், பின்னவருடையது 142 மில்லிவினாடி கழித்து வரும்.

இதற்கு பேண்ட் ஆசிரியர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வுதான் இந்த விஷயத்திலேயே என்னை மிகவும் வியக்கவைப்பது. ஸ்னேர், டெனர், பாஸ் டிரம்களைத் தோளில் மாட்டி நடக்கும் டிரம் வரிசையைப் பெரும்பாலும் பின்பக்கமாக நிறுத்துகிறார்கள். டிரம் மேஜர் தாளத்தை எடுப்பது டிரம் வரிசையின் சத்தத்திலிருந்து அல்ல. அந்த வரிசையின் நடு ஸ்னேர்காரரின் காலைப் பார்த்து எடுக்கிறார். கால் தரையில் படுவது ஒளியாக வருவதால் தாமதம் கிடையாது. டிரம் வரிசைக்கு முன்னால் இருப்பவர்களோ, பின்னாலிருந்து வரும் டிரம் ஒலியைக் காதால் வாங்கி, அது தங்களைக் கடக்கும் கணத்தில் தங்கள் ஒலியை அதனோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒலியலை பின்னாலிருந்து முன்னால் வருகிறது. வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் அதில் ஏறிக்கொள்கிறார்கள். கடைசியில் எல்லா ஒலியும் ஒரே அலையாகப் பார்வையாளரைப் போய்ச் சேரும். பயிற்சியில் இதை ‘லிசன் பேக்’ (பின்னால் கேள்) என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். ஒத்திகையின்போது மெட்ரோனோம் என்ற, சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியின் ஒலிபெருக்கியை மைதானத்தின் பின்பக்கம் வைப்பதும் இதற்காகத்தான்.

முன்கோட்டுக்கு வெளியே நகராமல் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன், சிந்தசைசர் குழுவுக்கு இது உயிர்நாடி. டிரம் வரிசை 25 மீட்டர் பின்னால் இருந்தால், அந்த ஒலி இவர்களை எட்ட 73 மில்லிவினாடி. இவர்கள் டிரம் மேஜரின் கையைப் பார்த்து அடித்தால் அவ்வளவு நேரம் முந்திவிடுவார்கள். எனவே கண்ணெதிரே ஆடும் கையை விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் வருவதை நம்பவேண்டும். பதினைந்து பதினாறு வயதில் இதைப் பழகுவது லேசில்லை. ஒலி வந்தபிறகு கையை அசைத்தால் காலம் கடந்துவிடும், அதனால் அடுத்த தட்டு எப்போது வரும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்து கைக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. டிரம் வரிசை இடம் மாறி முன்னால் வரும் கட்டங்களில் யார் எதைக் கேட்பது என்ற விதியே மாறிவிடும். நிகழ்ச்சியின் எந்த இடத்தில் காது, எந்த இடத்தில் கண் என்பதைப் பாட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள்.

இத்தனையும் நடந்துகொண்டே. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு உண்டு. ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு எட்டுக் காலடி என்பது பொது வழக்கம்; ஒரு காலடி 22.5 அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். 180 தட்டு வேகத்தில் இது நொடிக்கு 1.7 மீட்டர், வேகநடை. ஆனால் ஒரு வட்டம் சாய்கோடாக மாறும்போது சிலருக்குப் பக்கத்திலேயே இடம், சிலருக்குத் தூரத்தில். எல்லோருக்கும் எண்ணிக்கை ஒன்றே என்பதால் காலடியின் நீளம்தான் மாறவேண்டும். ஐந்து கெஜத்தை ஐந்தே காலடியில் கடக்கவேண்டி வந்தால் ஒவ்வொரு காலடியும் ஒரு கெஜம், வேகம் நொடிக்கு 2.7 மீட்டர். அது ஓட்டம். ஓட்டத்திலும் வாயில் டிரம்பெட் இருக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு வடிவத்திலும் தனி முகவரி உண்டு, அதை ‘டாட்’ என்பார்கள். ‘முதல் பக்கம், 40 கெஜக் கோட்டுக்கு வெளியே மூன்று காலடி, முன் ஹாஷுக்கு முன்னால் ஆறு காலடி’ என்று சின்னக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். ஹாஷ் என்பது மைதானத்தின் அகலத்தை மூன்றாகப் பிரிக்கும் குறிகள். நடப்பதிலும் நுட்பம் இருக்கிறது. குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தின் வெளியோரமாக விரல்வரை உருட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னோக்கி நடக்கும்போது குதிகால் தரையில் படாது, முன்பாதத்திலேயே நடை. காலின் அதிர்ச்சி இடுப்புக்கு மேலே ஏறிவிட்டால் வாய்க்குழல் உதட்டில் குதிக்கும், சுரம் நடுங்கும். இடுப்புக்குக் கீழே ஓட்டம், மேலே அசைவற்ற கச்சேரி. அதோடு தோள் எப்போதும் முன்பக்கத்தை நோக்கியே இருக்கவேண்டும், கால்கள் எந்தத் திசையில் போனாலும்.

தோள் ஏன் முன்னே பார்க்கவேண்டும்? பித்தளைக் குழல்களின் உச்ச ஒலிகள் குழல்வாய் காட்டும் திசையிலேயே பாய்கின்றன. குழல்வாயைக் கொஞ்சம் திருப்பினாலும் நடுவருக்கு ஒலியின் பளபளப்பு குறைந்துவிடும். கச்சேரி அரங்குகளில் வாசிக்கும் பிரெஞ்ச் ஹார்னின் வாய் பின்னோக்கி இருப்பதால், மைதானத்தில் அதற்குப் பதிலாக முன்னோக்கிய வாயுள்ள மெல்லோஃபோனைக் கொடுக்கிறார்கள். ஆளையே சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் பூத்திருக்கும் சூசஃபோனும் இன்று ஒலியை முன்னே தள்ளும்படிதான் செய்யப்படுகிறது. ஆள் சேர்த்தால் சத்தம் பெருகிவிடும் என்று நினைப்போம். ஒரே மாதிரி வாசிப்பவர்களை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். கேட்பவர் தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் 6 டெசிபெல் போய்விடும். ஐம்பது டிரம்பெட்டைவிட, சரியான திசையில் திரும்பிய இருபது டிரம்பெட் மேல் என்று ஆசிரியர்கள் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

செவிப்புலனைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டிரம் வரிசைக்கு நடுவே சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டுவது எளிது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நையோஷ், 85 டெசிபெல்லுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம்தான். ஒத்திகை மணிக்கணக்கில் நடக்கிறது. காதடைப்பான் போடாத பிள்ளையை டிரம் வரிசையில் நிற்கவிடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பருவம் நகர நகர வானிலையும் மாறும். செப்டம்பர் மாலையில் 32 டிகிரியில் வாசித்த பேண்ட், அக்டோபர் கடைசியில் 10 டிகிரியில் வாசிக்கும். வெப்பம் குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் குறையும். குழாயின் நீளம் மாறாதபோது வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். உள்ளேயுள்ள காற்று முழுக்க வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைந்தால், இந்த வித்தியாசத்தில் சுருதி அரைச்சுர இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு கீழே போயிருக்கும். வாசிப்பவரின் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் அவ்வளவு இறங்காது, ஆனாலும் காதுக்குத் தெரியும். மரிம்பாவின் சட்டங்களோ ஏறக்குறைய அதே சுருதியில் நிற்கின்றன, அவற்றைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் குழல்காரர்கள்தான் வழிக்கு வரவேண்டும். டிரம்பெட்டின் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதன் சுருதி வளைவை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் இரு பக்கமும் சேர்ந்து இரண்டு சென்டிமீட்டர் நீளும், அரைச்சுரத்தில் கால்பங்கு இறங்கும். கோடையில் வெளியே இழுத்திருந்ததைக் குளிரில் உள்ளே தள்ளுவார்கள். அப்புறம், களத்தில் இறங்கும்வரை குழலுக்குள் சத்தமில்லாமல் வெறும் காற்றை ஊதிச் சூட்டைக் காப்பாற்றுவார்கள்.

பருவத்தின் முதல் போட்டி முடிந்ததும் நடுவர்கள் ஒலிப்பதிவாகப் பேசிய விமர்சனங்கள் ஆசிரியர் கைக்கு வரும். சில நடுவர்கள் மேலே பெட்டியில், சிலர் மைதானத்திலேயே மாணவர்களுக்கு நடுவே. ஒரே வாசிப்பை மேலே இருப்பவர் ‘சேர்ந்திருக்கிறது’ என்றும், களத்தில் நிற்பவர் ‘கிழிகிறது’ என்றும் சொல்ல வாய்ப்புண்டு. இருவர் சொல்வதும் உண்மை, அவரவர் நின்ற இடத்தில். மொத்த ஒலியும் மேலே உள்ளவருக்காகக் கோக்கப்பட்டிருப்பதால், நடுவில் நிற்பவருக்கு அது சேர்ந்து கேட்கவே முடியாது. இரண்டு பதிவையும் அருகருகே வைத்துக் கேட்டுத்தான், எந்தப் பிளவு தூரத்தால் வந்தது, எது உண்மையில் தாளம் தவறியது என்று ஆசிரியர் பிரிக்கிறார். தூரத்தால் வந்ததென்றால் சில ‘டாட்’களை மாற்றி டிரம்மையும் குழலையும் பக்கத்தில் கொண்டுவருகிறார். தாளம் தவறியதென்றால் திங்கள்கிழமை ஒத்திகையில் மெட்ரோனோம் மறுபடி பின்கோட்டுக்குப் போகும்.

நவம்பரில் கூரையுள்ள அரங்குக்குள் நுழையும்போது புதிதாக ஒரு சிக்கல் காத்திருக்கும். எதிரே 80 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், வாசித்த ஒலி அதில் பட்டுத் திரும்பிவர ஏறக்குறைய அரை நொடி. 180 தட்டு வேகத்தில் அது ஏறக்குறைய ஒன்றரைத் தட்டு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வந்து விழும். பின்னாலிருந்து வருவதை நம்பப் பழகிய முன்கோட்டுக் குழுவுக்கு, முன்னாலிருந்தும் ஒரு டிரம் வரிசை வாசிப்பதுபோல் கேட்கும். வருவது எது, திரும்பி வருவது எது என்று பிரித்தறிய அந்த அரங்கில் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.