'மூலிகைதானே' என்று பேதி மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள்

"தினமும் ராத்திரி நிலாவரைச் சூரணம் போட்டால்தான் வயிறு கழிகிறது. ஆனால் அது மூலிகைதானே டாக்டர், பக்கவிளைவு கிடையாதே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நிலாவரை என்பது மருந்துக்கடையில் மாத்திரையாகக் கிடைக்கும் அதே சென்னாதான். அதே இலை, பேதியாக வைக்கும் அதே சென்னோசைடு என்ற சத்து. மாத்திரை அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். சூரணத்திலோ கரண்டி குவிந்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். மாத்திரை என்றால் பயந்து பயந்து விழுங்குபவர்கள், அதையே பொடியாகக் கொடுத்தால் கணக்கே பார்ப்பதில்லை. செடியிலிருந்து வந்தால் சாது என்பது எந்த ஊர் நியாயம்? ஊமத்தையும் செடிதான்.

இன்னொன்று. இன்று பேதியாகி மொத்தமாகக் காலியான பெருங்குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மலம் வராதது இயல்பு. நம்மவர்களோ மறுநாள் காலையிலேயே "இன்றைக்குப் போகவில்லையே" என்று பதறி, அன்றிரவே இன்னொரு கரண்டி போடுகிறார்கள். பழக்கம் இப்படித்தான் தொற்றுகிறது. மாதக்கணக்கில் நீண்டால் மலத்தோடு பொட்டாசியமும் போகும். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குளறுபடியாக்கும். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

அதிமதுரம் இதற்குத் தம்பி. நெஞ்செரிச்சலுக்கென்று தொடங்கி, தேனில் குழைத்துத் தினமும் சாப்பிடுவார்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், பிபியை ஏற்றும். நாளுக்கு 100 மில்லிகிராம்தான் கிளைசிரைசினின் வரம்பு என்று ஐரோப்பிய நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. ஒரு தேக்கரண்டிப் பொடியே அதைத் தாண்டிவிடக்கூடும். பிபி ஏன் இறங்கவில்லை என்று நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருப்போம், அதிமதுரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

உப்புசத்துக்கு ஓமம், சீரகம், சோம்பு எல்லாம் நல்லவைதான். ஆனால் திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வீடெல்லாம் மணக்கிறது என்று மகிழாதீர்கள். அந்த மணம்தான் மருந்து, காற்றில் போய்விட்டது. அரைத் தேக்கரண்டியை அப்போதைக்கப்போது ஒன்றிரண்டாக இடித்து, ஒரு தம்ளர் கொதிநீரை ஊற்றி, மூடிபோட்டுப் பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். மூடியின் உட்புறத்தில் கோத்திருக்கும் துளிகளையும் தம்ளரிலேயே தட்டிவிடுங்கள். புதினா எண்ணெய் மட்டும், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. இரைப்பை வாய்த் தசையைத் தளர்த்தி எரிச்சலைக் கூட்டும்.

மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல் உமியை வெறும் வாயில் போடவே கூடாது, தொண்டையிலேயே ஊதி அடைக்கும். ஒரு தேக்கரண்டிக்கு முழுசாக ஒரு பெரிய தம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீர். மற்ற மாத்திரைகளோடு இரண்டு மணி நேர இடைவெளி, தைராய்டு மாத்திரை என்றால் நான்கு மணி நேரம்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலிக்கு எந்தப் பேதி மருந்தும் கொடுக்காதீர்கள். குடல்வால் அழற்சியாக இருந்தால் வெடித்துவிடலாம். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் 'வாயுப்பிடிப்பு' என்று பெருங்காயம் கரைத்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மலம் கறுத்துப் போனாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், விழுங்கும்போது அடைத்தாலும் கஷாயம் போதாது. கைக்குழந்தைக்கு அன்னாசிப்பூக் கஷாயம் அறவே வேண்டாம். அதே தோற்றத்தில் இருக்கும் நச்சு இனமொன்று கலந்து வந்து குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால் மாத்திரைப் பெயர்களோடு நிறுத்தாதீர்கள். அலமாரியில் இருக்கும் சூரண டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ப்ளீஸ்.