ஆராய்ச்சிக் காசு யார் பெயருக்கு வருகிறது?

களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, பெயர் வேண்டாம், தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தபோது ஊர்க் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதினாள். இரண்டு மாதம் இரவிரவாக உட்கார்ந்து எழுதியது. நிதி கிடைத்தது. ஆனால் அந்த ஃபைலில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை, ஏனென்றால் தற்காலிகமாக இருப்பவர் பிரதான ஆய்வாளராக, அதாவது திட்டத்தின் தலைவராக, முடியாது என்று சொல்லி ஒரு சிரேஷ்ட விரிவுரையாளரின் பெயரில் அனுப்பினார்கள், இணை ஆய்வாளர் இடத்தில் இன்னொருவரின் பெயர் ஏறியது, நிதிக் கடிதம் வந்த மாதமே இவளுடைய ஒப்பந்தமும் முடிந்துபோனது. போய்க் கேட்டதற்கு "நீங்க இப்ப ஸ்டாஃப் இல்லையே தங்கச்சி" என்று பதில். விதி எதையும் யாரும் மீறவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. கிழக்கின் பல்கலைக்கழக வளாகங்கள் இருக்கும் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ முதல் தடவையாக நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது தேவையில்லை.

காசு எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானத் துறைகளுக்குக் கொழும்பில் இரண்டு பெரிய வாசல்: என்.எஸ்.எஃப். என்று எல்லோரும் சொல்லும் தேசிய விஞ்ஞான மன்றம் ஒன்று, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் என்.ஆர்.சி. எனும் தேசிய ஆராய்ச்சிப் பேரவை மற்றது. விவசாயத்துக்கு விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபை இருக்கிறது. கலைப்பீடத்தாருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ள என்.சி.ஏ.எஸ். எனும் மானிட, சமூக விஞ்ஞான உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையம், அதுவும் பெரும்பாலும் நிரந்தரப் பதவியில் இருப்பவர்களின் மேற்படிப்புக்குத்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வருடாந்த ஒதுக்கீட்டில் இருந்து பிரித்துக் கொடுக்கும் சிறு தொகை வேறு. இடைக்கிடை உலக வங்கிக் கடனில் பெரிய திட்டங்கள் வரும், 2017இல் ஒப்புதலான 10 கோடி டொலர் அஹெட் எனும் உயர்கல்வித் திட்டம் அப்படி வந்து முடிந்ததுதான். இன்னொன்று வரும், அப்போதும் கூத்து இதுவாகத்தான் இருக்கும்.

எந்த வாசலால் போனாலும் காசு உங்கள் பெயருக்கு வருவதில்லை, நிறுவனத்தின் பெயருக்கு வருகிறது. நிதியாளர் அலுவலகத்துக் கணக்கில் கிடக்கும், நீங்கள் எழுதிக் கேட்டுத்தான் ஒவ்வொரு சதமும் வெளியே வரும். வாங்கிய கருவி பல்கலைக்கழகத்தின் இருப்புப் புத்தகத்தில் ஏறும், நீங்கள் விலகினால் அது அங்கேதான் நிற்கும். முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் அலைச்சல் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நிதிக்கு விண்ணப்பம் கோரும் அழைப்பிதழில் தகுதி என்ற தலைப்பில் நாலு வரிதான் இருக்கும். அந்த நாலு வரியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். நிரந்தரப் பதவி கேட்பார்கள். சில அழைப்புகள் பிரதான ஆய்வாளருக்குக் கலாநிதிப் பட்டம் கேட்கும். திட்டம் இரண்டு வருடம் என்றால் அந்த இரண்டு வருடமும் நீங்கள் அந்தப் பதவியில் இருப்பீர்களா, வெளிநாட்டுக்குப் படிக்க லீவு போட்டிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். பழைய நிதி ஒன்றுக்கு முன்னேற்ற அறிக்கையோ இறுதிக் கணக்கோ கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தலைவராகப் போட்டால் உங்கள் விண்ணப்பமும் அவரோடு சேர்ந்து மூழ்கும், அதை அவர் தானாக உங்களிடம் சொல்லமாட்டார். கேளுங்கள். "சேர், பழைய திட்டக் கணக்கெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை.

தற்காலிக நியமனத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரதான ஆய்வாளராக முடியாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் உங்கள் பெயரே எங்கும் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இணை ஆய்வாளராகப் போட முடியுமா என்று பாருங்கள், முடியாது என்றால் வேலைத்திட்ட அட்டவணையில் இன்ன வேலைக்கு இன்னார் என்று பெயரோடு எழுதுங்கள். அதுவும் நடக்காவிட்டால் கட்டுரை வெளிவரும்போது ஆசிரியர் வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள், ஒப்பந்தம் முடிந்தால் ஆய்வு உதவியாளராக எடுப்பார்களா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரைவையும் பென் டிரைவில் கொடுக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்புங்கள், திகதி அதில் பதிந்திருக்கும். நிறுவன மின்னஞ்சலை ஒப்பந்தம் முடிந்த கையோடு மூடிவிடுவார்கள். அந்தத் தங்கச்சிக்கு நடந்ததும் அதுதான், அவள் அனுப்பிய பதினொரு வரைவும் மூடின பெட்டிக்குள் போய்விட்டன.

கடைசித் திகதி விஷயத்துக்கு வருவோம். 30ஆம் திகதி கடைசி என்றால் உங்களுக்கு 30 இல்லை, 12 அல்லது 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவர், பீடாதிபதி, பதிவாளர் அல்லது துணைவேந்தர் என்று கையெழுத்து வரிசை இருக்கிறது, இதில் ஒருவராவது கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருப்பார். பீடச் சபையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள், அந்தச் சபை மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும், நிகழ்ச்சி நிரலுக்கு ஒரு கிழமைக்கு முன்பே பேப்பர் கொடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் எந்த அழைப்பிதழும் சொல்லாது. விண்ணப்பம் ஒன்லைனில் போனாலும் நிறுவனத் தலைவரின் கையெழுத்துப் பக்கத்தை ஸ்கேன் பண்ணி ஏற்றவேண்டி வரும், ஆகவே அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலிலேயே அச்சிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, தலைப்பும் தொகையும் மாறாமல் இருந்தால் சரி.

நம் பக்கத்தில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது அனுமதிக் கடிதங்கள். அம்பாறை மாவட்டம் என்று நினைத்துக்கொண்டு அக்கரைப்பற்று, காரைதீவு ஆஸ்பத்திரிகளில் தரவு எடுக்க அம்பாறைச் சுகாதாரப் பணிமனைக்குக் கடிதம் கொண்டுபோனவர்களைக் கண்டிருக்கிறேன். கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகிறது, அம்பாறைக்குப் போனால் அரை நாளும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். பள்ளிக்கூட ஆய்வு என்றால் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே ஐந்து கல்வி வலயம், மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று. ஓட்டமாவடியிலும் வெல்லாவெளியிலும் ஒரே ஆய்வைச் செய்ய நினைத்தால் இரண்டு மூன்று வலயப் பணிப்பாளர்களைப் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் கட்டாயம் "மாகாணத்துக்கு எழுதுங்க" என்பார், மாகாணக் கல்வித் திணைக்களம் திருகோணமலையில். அதனால் முதலில் திருகோணமலைக்கு எழுதி அந்த அனுமதியின் பிரதியோடு வலயங்களுக்குப் போங்கள், தலைகீழாகச் செய்தால் ஒரு தவணை போய்விடும். குமணப் பக்கம் பறவையோ செடியோ ஆய்வு என்றால் அனுமதி பத்தரமுல்லையில் உள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தில் இருந்து வரவேண்டும், அது வரும்வரை ஓர் இறகைக்கூடப் பொறுக்க வேண்டாம்.

நெறிமுறைக் குழு அனுமதி, எதிக்ஸ் என்று சொல்வது, இது இன்னும் மோசமான பொறி. மனிதர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்தாலே அது தேவைப்படும், ஊசி குத்தினால்தான் எதிக்ஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தரவு எடுத்து முடித்த பிறகு போய்க் கேட்டால் எந்தக் குழுவும் பின்திகதியிட்டுத் தராது. பிள்ளைகளோடு செய்யும் ஆய்வு என்றால் பெற்றோரின் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அம்பாறையின் உட்பகுதிக் கிராமங்கள் என்றால் சிங்களத்திலும். ஆங்கிலப் படிவத்தை மட்டும் கொடுத்துத் திருப்பி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

வரவு செலவுத் திட்டத்தில் ஆட்கள் கஞ்சத்தனமாக எழுதுகிறார்கள், குறைவாகக் கேட்டால் கொடுப்பார்கள் என்ற நினைப்பு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் ஏறியபோது அதற்கு முன் ஒப்புதலான திட்டங்களில் வெளிநாட்டு இரசாயனப் பொருள் போட்டிருந்தவர்கள் அப்படியே விழுந்தார்கள், எழுதிய தொகைக்குப் பாதிப் போத்தல்தான் வந்தது. ஆகவே இறக்குமதிப் பொருளை முதல் ஆறு மாதத்துக்குள் வாங்குவதாகத் திட்டமிடுங்கள். கொழும்பு ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொண்டுபோக ஐஸ் பெட்டியும் வாகனமும் வேண்டும், மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், இந்தச் செலவைக் கொழும்பில் இருந்து மதிப்பிடுகிறவருக்கு யோசனையே வராது. "போக்குவரத்து ஏன் இவ்வளவு?" என்று கேட்பார்கள். காரணத்தை இரண்டு வரியில் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு தலைப்பில் உள்ள காசை இன்னொரு தலைப்புக்கு மாற்ற பிறகு தனியாக அனுமதி எடுக்க வேண்டும், "போகப் போகப் பார்ப்போம்" என்று எதையும் விடாதீர்கள்.

சரி, கடிதம் வந்துவிட்டது, வாழ்த்துச் சொல்லி ஃபேஸ்புக்கில் படமும் போட்டாயிற்று. இனித்தான் நிஜமான அலைச்சல். மூன்று கோட்டேஷன் கேட்பார்கள். பதிவு செய்யப்பட்ட வழங்குநராக இருக்க வேண்டும் என்பார்கள். நம் டவுனில் அந்தப் பொருள் விற்க ஒருவரும் இல்லை, கொழும்புக் கம்பனிக்கு நம்முடைய சின்ன ஓடர் பெரிதில்லை, இரண்டு பேர்தான் விலை அனுப்புவார்கள், மூன்றாவது வருவதற்குள் முதலாவதின் செல்லுபடிக் காலம் முடிந்துவிடும், மறுபடியும் முதலில் இருந்து. ஒரு பொருளை ஒரே கம்பனிதான் கொண்டுவருகிறது என்றால் அந்தக் கம்பனியிடம் ஏக முகவர் என்று கடிதம் வாங்கி முதல் நாளே ஃபைலில் வையுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த ஒதுக்கீட்டில் கிடைத்த காசு என்றால் டிசம்பர் 31 என்பதை மறக்க வேண்டாம், வருடம் முடிந்தால் அது திரும்பிப் போய்விடும், ஜூலையில் கிடைத்த காசுக்கு ஓகஸ்டிலேயே கோரிக்கை போனால்தான் நவம்பரில் பொருள் வரும். முற்பணம் எடுத்தால் சிட்டை எல்லாவற்றையும் அன்றன்றே ஒட்டி வையுங்கள், தோணிக்காரருக்குக் கொடுத்த காசுக்கும் அவரிடம் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்குங்கள். சிட்டை தொலைந்தால் அது உங்கள் சம்பளத்தில்தான் பிடிபடும், கணக்காய்வுக்கு வாவியும் தெரியாது தோணியும் தெரியாது.

ஆய்வு உதவியாளராகச் சேரும் பிள்ளைகளே, நியமனக் கடிதம் கையில் வரும்வரை வேலை தொடங்காதீர்கள். "நீங்க தொடங்குங்க, கடிதம் வந்திடும்" என்ற பேச்சை நம்பி ஐந்து மாதம் வெயிலில் மாதிரி சேகரித்துவிட்டு, நியமனம் ஐந்தாம் மாதத் திகதியில்தான் வந்தது, முந்திய மாதங்களுக்குக் கொடுக்க வழியில்லை என்று கேட்டு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். கொடுக்க வழியில்லை என்பதும் விதிப்படி சரி. அவளுக்கு வேலை சொன்ன சேர் மட்டும் அந்த விதியை முதல் நாள் சொல்லியிருக்கலாம்.

மாணவர்களுக்கான நிகழ்ச்சித் திட்டங்கள், அதாவது முதலாம் வருடத்தில் ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு, தொழில் வழிகாட்டல், ஆற்றுப்படுத்தல், சீனியர் பிள்ளைகள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, இவற்றுக்குக் கேட்பது ஆராய்ச்சியைவிடச் சுலபம், செலவழிப்பதுதான் கஷ்டம். மாணவர் சங்கம் நேரடியாகக் கேட்க முடியாது, சங்கக் கணக்கைப் பார்க்கும் விரிவுரையாளரான சிரேஷ்ட பொருளாளர் அல்லது ஒரு பிரிவின் தலைவர் வழியாகத்தான் போகவேண்டும். உள்ளே இருக்கும் விரிவுரையாளருக்கு வகுப்பெடுத்ததற்குக் கொடுப்பனவு போட்டால் அது அவருடைய வழமையான கடமை என்று வெட்டுவார்கள். சாப்பாடு, தேநீர் வரியைக் கண்டாலே பேனா நீளும். ஆனால் கிரான், வாகரை, பொத்துவில் பக்கத்தில் இருந்து வரும் பிள்ளை பின்னேரம் ஐந்து மணி வகுப்புக்கு நிற்கவேண்டும் என்றால் பசிக்கும், கடைசி பஸ்ஸும் போய்விடும். அதனால் தேநீருக்குக் காசு கேட்பதை விட்டுவிட்டு வகுப்பைப் பகல் இடைவேளையில் வையுங்கள். வருகைப் பதிவும், தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே சோதனையின் புள்ளிகளும் முதல் நாளில் இருந்தே இருக்கட்டும், அடுத்த தவணைக் காசை அதைக் காட்டித்தான் கேட்கமுடியும். பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள் என்று நாம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஃபைல் எங்கேயோ தங்கிவிட்டது, கேட்டால் "சேருக்கிட்ட இருக்கு, நாளைக்கி வாங்க" என்கிறார்கள், மூன்று மாதமாக அதே நாளைக்கு. அப்போது சண்டை பிடிக்க வேண்டாம். பல்கலைக்கழகமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. தமிழிலேயே எழுதலாம். இன்ன இலக்க ஃபைல் எந்தத் திகதியில் யாரிடம் போனது, இப்போது எங்கே நிற்கிறது, இந்த இரண்டு கேள்வி போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரியிடம் கொடுத்துக் கையோடு ஏற்றுக்கொண்டதற்கான சீட்டு வாங்குங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒரு தம்பியின் கருவிக் கோரிக்கை ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்தது, தேடாத அலுமாரி இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள். அவன் செவ்வாய்க்கிழமை அந்தப் படிவத்தைக் கொடுத்தான். வியாழக்கிழமை காலையில் கிளாக் மிஸ்ஸே கோல் எடுத்து, ஃபைல் கிடைத்துவிட்டது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்.