ஆர்த்தோபீடிக்ஸ்: பாதமா, பிள்ளையா?

செந்தூலிலிருந்து அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். ஒன்றரை வயது. நின்றால் கால் இரண்டும் வில்லாக வளைந்திருக்கும். எலும்பு மூட்டுப் பிரிவின் மலாய்ப் பலகையில் ‘ஓர்தோபெடிக்’ என்றிருந்ததைப் பார்த்து அக்கா கேட்டார்: “பெடிக்னா பாதம்தானே? பெடிக்கியூர் மாதிரி. இவனுக்குப் பாதம் நல்லாத்தானே இருக்கு?”

நியாயமான கேள்வி. பெடிக்கியூரில் வருவது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பதோ கிரேக்கம்: ‘ஓர்தோஸ்’ என்றால் நேர், ‘பைடியோன்’ என்றால் குழந்தை. 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பாரிஸ் மருத்துவர், பிள்ளைகளின் உடலில் வரும் வளைவுகளைத் தடுப்பது, திருத்துவது பற்றிப் புத்தகம் எழுதியபோது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். பெரியவர்களின் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் பிற்பாடுதான் இந்தத் துறைக்குள் வந்தன.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. வளைந்து வளரும் இளமரம், பக்கத்தில் நேரான கம்பு, இரண்டையும் சேர்த்துச் சுற்றிய கயிறு. எலும்பு மருத்துவர்களுக்கு உலகெங்கும் இன்றும் அதுதான் சின்னம்.

தமிழிலும் இதே மரம் நிற்கிறது. வளைந்த தென்னைக்கு நம் பழைய பெயர் முடத்தெங்கு, நன்னூலில் வருகிறது. முடங்கு, முடக்கு, முடம் எல்லாம் ஒரே வேர். வளைவது, மடங்குவது என்பதே அடிப்படைப் பொருள். மூட்டுவலிக்கு என்று தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தான் கீரையின் பெயரையும் ‘முடக்கு அறுத்தான்’ என்றுதான் பிரித்துச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வழங்கும் ‘முடநீக்கியல்’ இந்த வேரிலிருந்து வந்தது. வளைவை நீக்கும் இயல் என்று படித்தால், ஆந்திரி நினைத்ததற்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறில்லை. ஆனால் முடம் என்ற சொல் இன்று காதில் விழும் விதமே வேறு. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எலும்பு மூட்டு மருத்துவம் என்பேன். ‘குழந்தைகள்’ என்று முன்னால் சேர்த்தால் போதும்.

மற்ற சொற்களையும் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போதே பாதம் உள்ளே திரும்பியிருந்தால் அது வளைபாதம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றி மாற்றிப் போட்டுத் திருப்புவது பொன்செட்டி முறை. அப்புறம் பாதங்களைத் திருப்பிய நிலையிலேயே பிடித்து வைக்கும் பிரேஸை முதல் மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுக்கவும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும். பாதம் நேராகிவிட்டதே என்று அதை நிறுத்தினால் திரும்பவும் வளையும்.

வில்கால் பெரும்பாலும் நோயல்ல. இரண்டு வயதுவாக்கில் தானே நிமிரும். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஏழெட்டு வயதுக்குள் அதுவும் சீராகிவிடும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, வலியோடு நொண்டினாலோ, ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் இருந்து காலை ஊன்றவே மறுத்தால் அன்றைக்கே போக வேண்டும்.

டாக்டர் எங்கள் பையனை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். மருந்தில்லை, கட்டில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.