போகும்போது இருபது கிலோ, திரும்பும்போது நூற்றுப்பத்து: எல்க் வேட்டைக்கு மூட்டை கட்டும் கணக்கு

அமெரிக்காவில் 1964-இல் வந்த வனாந்தரச் சட்டம், தன் பாதுகாப்பில் உள்ள காடுகளுக்குள் மோட்டார் வண்டியை மட்டும் தடுக்கவில்லை. இயந்திரத் துணையுள்ள போக்குவரத்து எதுவுமே கூடாது என்கிறது. அதனால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வேட்டையாடிய இறைச்சியை ஏற்றித் தள்ளிக்கொண்டு வரும் கைவண்டிக்கும் இல்லை. குதிரையோ கோவேறு கழுதையோ வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுக்கு முதுகுதான் வண்டி.

கொலராடோ மாநிலத்தின் வெமினூச் அப்படிப்பட்ட ஒரு காடு. பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி 3,000 மீட்டர் உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ. செப்டம்பரில் வில் வேட்டை, அக்டோபர், நவம்பரில் துப்பாக்கி வேட்டை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மான் வேட்டை முடிந்துபோனது. அங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை என்ற கட்டுக்குள் அது இன்னும் நடக்கிறது. கொலராடோவில் மட்டும் எல்க் என்ற பெரிய மான் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தேடிப் போவது மியூல் மானை, அல்லது எல்க்கை. ஆண் மியூல் மான் நூறு கிலோ அளவில் நின்றுவிடும். எல்க் நம்மூர் மிளாவைவிடப் பெரிய உருப்படி. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

இந்த வேட்டைக்குக் கொண்டுபோகும் சாமான்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால் சந்தைக் கடை போலத்தான் தெரியும். ஆனால் அத்தனைக்கும் அடியில் இருப்பவை இரண்டே கணக்குகள். உயிரோடு இருக்கும் மனிதரின் உடல் வெப்பம் வெளியேறிவிடக் கூடாது. செத்த விலங்கின் உடல் வெப்பம் முடிந்தவரை சீக்கிரம் வெளியேறிவிட வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டுக்கும் தேவையானதை இருபது கிலோவுக்குள் அடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

முதலில் எடை. பெரிய ஆண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சி சுமார் 90 கிலோ தேறும். ஒருவர் ஒரு நடைக்கு 30 கிலோ சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நடை. வண்டி நிற்கும் இடம் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போக, வர, போக, வர, போக என்று 25 கிலோமீட்டர். அதில் 15 கிலோமீட்டர் சுமையோடு. கூடாரத்தையும் மற்றதையும் எடுத்துவர இன்னொரு நடை சேர்த்தால் 35. இதை வீட்டிலேயே காகிதத்தில் போட்டுப் பார்க்காதவர்கள்தான் பத்து கிலோமீட்டர் உள்ளே போய் எல்க்கை வீழ்த்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்கிறார்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு வருவது இன்னும் பெரிய குற்றம்.

ஆகவே முதுகுப்பையைத் தேர்ந்தெடுப்பது போகும் சுமையை வைத்தல்ல, திரும்பும் சுமையை வைத்து. உள்ளே விறைப்பான சட்டகம் இருக்க வேண்டும். அந்தச் சட்டகம்தான் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்புப் பட்டைக்கும், அதன் வழியே இடுப்பெலும்புக்கும் கடத்துகிறது. வேட்டைக்கென்று செய்யும் பைகளில் துணிப்பையைச் சட்டகத்திலிருந்து கழற்றித் தள்ளி, நடுவில் இறைச்சியைச் செருகிக் கட்டலாம். காரணம் நெம்புகோல் விதி. 30 கிலோ பாரம் முதுகிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் போனால், உங்களைப் பின்னால் கவிழ்க்கும் திருப்புவிசை 44 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. அதை ஈடுகட்ட உடல் முன்னால் குனியும். குனிந்தே நடந்தால் இடுப்புத் தசைகள் இறக்கத்தில் கைவிட்டுவிடும். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

காலணியிலும் ஒரு கணக்கு உண்டு. காலில் ஏற்றும் ஒரு கிலோ, முதுகில் ஏற்றும் ஐந்து கிலோ அளவுக்கு ஆற்றலைத் தின்னும் என்று அமெரிக்க ராணுவ ஆய்வுகள் கண்டன. ஒவ்வொரு அடிக்கும் பாதத்தைத் தூக்கி, வேகமூட்டி, நிறுத்த வேண்டியிருக்கிறதே. கூடாரத்தில் 200 கிராம் குறைக்கப் பெரும் பணம் கொடுப்பவர்கள் காலில் இரும்புக் குண்டு மாதிரி பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் புரிவதில்லை.

இனி மனித வெப்பம். செங்குத்தான சரிவில் சுமையோடு ஏறும் உடல் 500 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாக்கும். உச்சியில் போய் பைனாகுலரோடு உட்கார்ந்தால் அது 90 வாட் அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் வில்லன் வியர்வை. உள்சட்டையில் 200 கிராம் வியர்வை ஊறியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். 200 கிராமுக்கு 4,80,000 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலின் 90 வாட்டால் இதை வகுத்தால் ஒன்றரை மணி நேரம் வருகிறது. சட்டை முழுக்க உடல் சூட்டில் காய வேண்டுமென்றால், ஒன்றரை மணி நேரத்துக்கு உடல் உண்டாக்கும் மொத்த வெப்பத்தையும் அதற்கே கொடுக்க வேண்டும் என்று பொருள். மாலை ஐந்து மணிக்கு, 3,300 மீட்டரில், காற்று வீசும் முகட்டில் யாருக்கும் அது கட்டுப்படியாகாது.

அனுபவசாலிகள் அதனால் ஏறும்போது குளிர நடுங்கிக்கொண்டுதான் புறப்படுவார்கள். ஒற்றை மெரினோ கம்பளிச் சட்டை, அவ்வளவுதான். மேலே போனதும் அதை மாற்றி, இறகு அடைத்த கோட்டை மாட்டிக்கொள்வார்கள். பருத்தி அங்கே விலக்கப்பட்ட துணி. நீரை இழைக்குள் இழுத்துக்கொண்டு உடலோடு ஒட்டிக்கொள்ளும். நீரோ காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இறகுக் கோட்டின் கதகதப்பு இறகுக்குள் சிறைப்பட்ட அசையாத காற்றிலிருந்து வருவது. நனைந்தால் இறகு சப்பிப்போய்க் காற்று வெளியேறிவிடும். மழை அதிகமான மலைகளுக்குச் செயற்கை இழை அடைத்ததை எடுத்துப்போவது சற்றுக் கனம், ஆனால் நிம்மதி.

இரவில் ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள், அடியில் விரிக்கும் பாயைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உடல் எடையில் அடிப்பக்க இறகு நசுங்கிவிடுவதால், தரையிடமிருந்து காப்பது அந்தப் பாய் மட்டுமே.

உணவிலும் எடைதான் அரசன். நாளொன்றுக்கு 4,000 கலோரி செலவாகும் வேலை இது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வேர்க்கடலை வெண்ணெயும் பாதாமும் ஆலிவ் எண்ணெயும் மூட்டையில் இருப்பது ருசிக்காக அல்ல. ராத்திரிக்கு உறைய வைத்து உலர்த்திய பொட்டலச் சாப்பாடு. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியோ பாஸ்தாவோ வேக நேரமும் எரிவாயுவும் கூடும். பொட்டலச் சாப்பாடு ஏற்கெனவே வெந்தது, ஊறினால் போதும். அடுப்பின் எரிவாயுவிலும் கவனம் வேண்டும். சாதாரண பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. கலவைக் குடுவையில் புரோப்பேன் முந்திக்கொண்டு தீர்ந்துவிடும் என்பதால், பாதி காலியான குடுவை குளிர்ந்த காலையில் மூச்சு வாங்கும். குடுவையைப் படுக்கைக்குள் வைத்துத் தூங்குவார்கள். தண்ணீர் வடிகட்டியையும் அப்படியே. அதன் உட்குழல் இழைகளில் உள்ள 0.1 மைக்ரான் துளைகளை ஜியார்டியா கிருமியால் கடக்க முடியாது. ஆனால் உள்ளே தங்கிய நீர் ஓர் இரவு உறைந்து விரிந்தால் இழை கிழிந்துவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். வயிறுதான் பிறகு சொல்லும்.

சில சாமான்கள் கிராம் கணக்கில் இருந்தாலும் வேட்டையை முடிவு செய்பவை. மணமில்லாத பொடி நிரப்பிய சிறு புட்டி அதில் ஒன்று. அழுத்தினால் புகைபோல ஒரு துளி வெளிவந்து காற்று போகும் திசையைக் காட்டும். வெயில் ஏறியதும் சரிவின் காற்று சூடாகி மேல்நோக்கிப் போகும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து, கனத்து, பள்ளத்தாக்கை நோக்கி வழியும். எல்க்கின் மூக்கை ஏமாற்ற முடியாது, காற்றின் கால அட்டவணையை அனுசரித்துத்தான் போக வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே சுமார் 3,200 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பளீர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணிய வேண்டும், தலைக்கும் அதே நிறம் என்பது கொலராடோ விதி. மனிதக் கண்ணைக் குத்தும் அந்த ஆரஞ்சு மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். நிறம் உணரும் கூம்பு உயிரணுக்கள் நீலம், பச்சை என்று இரண்டு வகைதான் அதன் கண்ணில். ஆனால் நீலத்தையும் புற ஊதாவையும் அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும். வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்த சட்டை புற ஊதாவை உறிஞ்சி நீலமாக உமிழும். காசு கொடுத்து வாங்கிய காட்டு நிற உடுப்பை அதில் துவைப்பது வீண் வேலை.

இனி இரண்டாவது கணக்கு. அம்பு பாய்ந்து எல்க் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உடல் வெப்பம் 38 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இதயம் நின்றாலும் தசையில் வேதிவினை நிற்பதில்லை. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் நொதித்துக்கொண்டேயிருக்கும். இரண்டுமே சூடு உண்டாக்குபவை. மேலே குளிர்காலத்துக்கென்று வளர்ந்த அடர் ரோமத் தோல். செப்டம்பர் பகலில் வெளியே 20 டிகிரி. இதைவிட மோசமான குளிரூட்டும் ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது.

கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் ராத்திரி வரை சுடும், கிண்ணத்தில் ஊற்றியது பத்து நிமிடத்தில் ஆறும். இறைச்சியின் உள்ளிருந்து வெப்பம் வெளியேற எடுக்கும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மியூல் மான் வேட்டையில் பழகியவர்கள் எல்க்கில் ஏமாறுவது இங்கேதான். மானைத் தோலோடு மர நிழலில் போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்துத் தப்பித்திருப்பார்கள். எல்க்கின் பின்தொடையில், இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்பருகே, மறுநாள் காலையிலும் சூடு இருக்கும். வெளியே நல்ல சிவப்பாகத் தெரியும் தொடை உள்ளே எலும்பை ஒட்டிப் புளித்து நாறும்.

மூட்டையின் ஒரு மூலையில் தனியாகக் கட்டி வைத்திருக்கும் சிறு பொட்டலம் இதற்காகத்தான். முழுதும் சேர்த்து ஒரு கிலோகூட வராது: மாற்று அலகு வைத்த மெல்லிய கத்தி, ரப்பர் கையுறை, கயிறு, இரண்டு ஹெட்லேம்ப், ஐந்தாறு துணிப்பைகள். வயிற்றைக் கிழிக்காமலே வேலையைத் தொடங்குவது இப்போது பரவலான முறை. விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுத்தண்டின் மேல் நீளக் கீறி, தோலை உரித்து, முன்னங்கால், பின்னங்கால், முதுகுச் சதை என்று கழற்றிவிட்டுப் புரட்டி மறுபக்கம். தோலைக் கீறும்போது அலகின் கூர் மேல்நோக்கி, உள்ளிருந்து வெளியே போக வேண்டும். ரோமத்தின் வேரில் ஒட்டிய மண்ணும் மணலும்தான் கத்தியை மொட்டையாக்குபவை. உள்ளிருந்து அறுத்தால் அலகு அவற்றைத் தொடாது, இறைச்சியிலும் முடி ஒட்டாது.

துணிப்பை ஏன், பிளாஸ்டிக் ஏன் கூடாது? துணி வழியே ஈரம் ஆவியாகும். ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் அதே 2,400 ஜூலை இறைச்சியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மனிதனைக் கொல்லப் பார்த்த ஆவியாதல் இங்கே கூலி வாங்காத வேலைக்காரன். மேற்பரப்பு காய்ந்து மெல்லிய பொருக்கு கட்டும். ஈரமில்லாத அந்தப் பொருக்கில் பாக்டீரியா பெருகுவது கடினம், ஈயும் முட்டையிடாது. பிளாஸ்டிக் பையிலோ சூடும் ஈரமும் சேர்ந்து அடைபடும். வடக்குப் பார்த்த சரிவில், ஓடைப் பக்கத்து நிழலில், ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். கரடி வாழும் காடு, கூடாரத்திலிருந்து தள்ளி.

இதிலும் ஒரு முரண் உண்டு. எலும்பை உடனே நீக்கினால் சுமை குறையும், சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் செத்த உடலில் வரும் விறைப்பு முடிவதற்கு முன் தசை 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், இழைகள் சுருண்டு இறைச்சி செருப்புத்தோல் ஆகும். நியூசிலாந்தின் ஆட்டிறைச்சித் தொழில் 1960-களில் இதைக் கண்டறிந்தது. எலும்போடு இருக்கும் தசையை எலும்பே இழுத்துப் பிடித்திருக்கும். ஆகவே நவம்பர் பனியில் ஓரிரவு எலும்போடு தொங்கவிடுவது நல்லது. செப்டம்பர் வெயிலில் எலும்பை எடுத்துவிடுவதே சரி. அழுகிய மென்மையான இறைச்சியைவிடக் கடினமான நல்ல இறைச்சி மேல். எலும்பை எடுத்தாலும், ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு துண்டோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். களைத்த ராத்திரியில் பலர் மறப்பது இதைத்தான்.

கடைசியாகத் தலை. 1967-இல் கொலராடோவின் ஆய்வு வளாகம் ஒன்றில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது, உடலை உருக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய். மடிப்புத் தவறிய புரதமான பிரியான்தான் காரணம். சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் நோயுள்ள விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. சோதனைக்குத் தேவைப்படுவது தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்கள். அவற்றை அறுத்தெடுக்கத் தெரிந்தவர் சில கிராமோடு இறங்குகிறார். தெரியாதவர் முழுத் தலையையும் சுமக்கிறார். முதுகெலும்பையும் மூளையையும் மாநில எல்லை தாண்டி எடுத்துப்போகப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. சோதனை முடிவு வரும் வரை அந்த 90 கிலோவையும் உறைபெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள்.